கண் அழுத்தம் 21 வரை ‘நார்மல்’ என்ற கோட்டை எப்படிப் போட்டார்கள்?

முகாமில் வலது கண்ணில் அழுத்தம் 22, கப்–டிஸ்க் விகிதம் 0.7 என்று எழுதி, ‘குளுக்கோமா சந்தேகம்’ என்று சீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். (குளுக்கோமா என்பது பார்வை நரம்பு கெடும் நோய். அந்த நரம்பு கண்ணுக்குள் வட்டாகத் தெரியும் இடம் டிஸ்க், அதன் நடுக்குழி கப்; டிஸ்க்கில் கப் எவ்வளவு பங்கு என்பதே கப்–டிஸ்க் விகிதம்.) “21தான் நார்மல் என்றால் 22 நோயா? இந்த நார்மலை யார் முடிவு செய்தது, நம் ஊர் ஆட்களை அளந்துதானா?” என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு நோய் இருக்கிறதா என்பதை இந்த இரண்டு எண்களை வைத்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு: ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கானவர்களைப் பரிசோதிக்கும்போது எந்த அளவுக்கு மேல் ‘இயல்பு இல்லை’ என்று கோடு போடுகிறார்கள், அந்தக் கோடு தனி ஒருவருக்கு எவ்வளவு தூரம் செல்லும்? அதற்குத் தெளிவான பதில் உண்டு. இந்தக் கணக்கெடுப்புகளின் முறையோடு தொழில்வழியாகப் பழகியவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

21 என்ற எண் பழையது. 1958இல் ஜெர்மனியில் லைடெக்கர் என்ற கண் மருத்துவரும் அவர் குழுவும் சுமார் 10,000 பேரின் கண் அழுத்தத்தை அளந்தார்கள். கருவி ஷியோட்ஸ் டோனோமீட்டர். படுக்க வைத்து, கருவிழியின் மேல் ஒரு எடையை வைத்து அது எவ்வளவு அமுங்குகிறது என்று பார்ப்பது. சராசரி 15.5 மி.மீ. பாதரசத்தை ஒட்டி வந்தது, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 2.5 அளவில். சராசரியோடு இரண்டு திட்ட விலக்கத்தைக் கூட்டினால் 20.5. அதை முழு எண்ணாக்கி 21 என்றார்கள். அது பாடப்புத்தகத்தில் ஏறி, அங்கிருந்து முகாம் சீட்டுக்கு வந்துவிட்டது. இதில் ‘21ஐத் தாண்டினால் பார்வை நரம்பு கெடும்’ என்று யாரும் நிரூபிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘21ஐத் தாண்டுபவர்கள் குறைவு’ என்பது மட்டுமே அங்கே அளக்கப்பட்டது. ஆறரை அடி உயரமுள்ளவர்களும் குறைவுதான். அதை நோய் என்று சொல்வதில்லை.

பிறகு வந்த ஆய்வுகள் இந்த இடைவெளியை நன்றாகவே காட்டின. 1966இல் வெளியான வேல்ஸ் நாட்டு ஃபெர்ன்டேல் கணக்கெடுப்பில், 21க்கு மேல் அழுத்தம் இருந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பார்வைப் பரப்பில் எந்தப் பழுதும் இல்லை. 1991இல் பால்டிமோர் ஆய்வு எதிர்ப்பக்கத்தைக் காட்டியது: குளுக்கோமா உறுதியானவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு, பரிசோதித்த அன்று அழுத்தம் 21ஐத் தாண்டவில்லை. ஜப்பானின் தஜிமி ஆய்வில் (2004) திறந்த கோணக் குளுக்கோமா உள்ளவர்களில் 92 சதவீதம் பேருக்கு அழுத்தம் 21 அல்லது அதற்குக் கீழ். (கோணம் என்பது கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் ஓரம்; அது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதை வைத்து நோயை இரண்டாகப் பிரிப்பார்கள்.) இவ்வளவுக்குப் பிறகு அழுத்தத்தை மட்டும் வைத்து நோயாளிகளை எண்ணுவது பொருளற்ற வேலை என்பதில் துறைக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அழுத்தம் முக்கியமான ஆபத்துக் காரணி. குறைத்தால் பலன் தருவதும் அதுவே. ஆனால் அது நோயின் வரையறையில் இல்லை.

பின் எதை வைத்து எண்ணுவது? 2002 வரை ஆளுக்கொரு வரையறை இருந்தது. அதன் விளைவு தமிழ்நாட்டிலேயே தெரியும். வேலூரில் 30 முதல் 60 வயதுக்காரர்களிடம் நடந்து 1998இல் வெளியான ஆய்வில் மூடிய கோணக் குளுக்கோமா 4.32 சதவீதம், திறந்த கோணம் 0.41 சதவீதம். சில ஆண்டுகள் கழித்துச் சென்னை குளுக்கோமா ஆய்வில், 40 வயதுக்கு மேற்பட்டவர்களிடம், மூடிய கோணம் கிராமத்தில் 0.87, நகரத்தில் 0.88 சதவீதம்தான். இடையில் நோய் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடவில்லை. வயது வரம்பு வேறு, அதைவிட முக்கியமாக வரையறை வேறு. பழைய ஆய்வுகள் பலவற்றில், கோணம் மூடி அழுத்தம் ஏறியிருந்தாலே குளுக்கோமா என்று எண்ணிவிடுவார்கள். புதிய முறையில் நரம்பு கெட்டிருந்தால் மட்டுமே அந்தப் பெயர். கெடாதவரை ‘கோண அடைப்பு’ என்று தனிக்கணக்கு.

அந்தப் புதிய முறைதான் 2002இல் பால் ஃபாஸ்டரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட, ஐஎஸ்ஜிஇஓ (கண்நோய்ப் பரவலை ஆராயும் சர்வதேசச் சங்கத்தின் பெயர்ச் சுருக்கம்) என்று அழைக்கப்படும் வகைப்பாடு. மூன்று படிகள். முதல் படியில் இரண்டு சான்றுகள் சேர்ந்து வேண்டும்: கப்–டிஸ்க் செங்குத்து விகிதமோ இரு கண்களுக்கிடையே அதன் வித்தியாசமோ அந்த மக்கள்தொகையின் இயல்பான கண்களில் 97.5ஆவது நூற்றுமானத்தை, அதாவது நூற்றுக்கு 97.5 கண்கள் எந்த அளவுக்குக் கீழே நிற்கின்றனவோ அந்த அளவைத் தொட்டிருக்க வேண்டும் (அல்லது நரம்பு விளிம்பு மேற்பக்கமோ கீழ்ப்பக்கமோ டிஸ்க் விட்டத்தில் பத்தில் ஒரு பங்காக மெலிந்திருக்க வேண்டும்). கூடவே ஃபீல்டு டெஸ்டில், அதாவது பார்வைப் பரப்பை அளக்கும் சோதனையில், குளுக்கோமாவுக்கே உரிய பழுதும் இருக்க வேண்டும். இரண்டாம் படி, ஃபீல்டு டெஸ்டை ஒழுங்காகச் செய்ய முடியாதவர்களுக்கு: அங்கே ஒரே சான்றுதான் கையில் இருப்பதால் கோடு 99.5ஆவது நூற்றுமானத்துக்கு ஏறுகிறது. மூன்றாம் படி, கண்புரையோ வேறெதுவோ மறைத்து நரம்பே தெரியாத, பார்வை 3/60க்கும் கீழே போன கண்களுக்கு. அங்கே மட்டும்தான் அழுத்தம் நேரடியாக நுழைகிறது, அதுவும் 99.5ஆவது நூற்றுமானத்தைத் தாண்டினால். குளுக்கோமா அறுவை செய்த தழும்போ பழைய மருத்துவக் குறிப்போ இருந்தாலும் இந்தப் படியில் சேரும்.

ஏன் இரண்டு சான்றுகள் என்பதைச் சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். 40 வயதுக்கு மேற்பட்ட 1,000 பேர். உண்மையில் 20 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். நோயில்லாத 980 பேரில் 2.5 சதவீதம், அதாவது 24 அல்லது 25 பேர், கோட்டின் வரையறைப்படியே கோட்டைத் தாண்டி நிற்பார்கள். நோயுள்ள 20 பேரும் தப்பாமல் சிக்கினாலும் சிக்கிய 45 பேரில் பாதிக்கு மேல் நோயில்லாதவர்கள். நோயுள்ளவர்களில் பாதியே சிக்கினால் 35இல் 10தான் சரி. இந்த 25 பேருக்கு ஃபீல்டு டெஸ்டையும் வைத்து, அது 5 சதவீதம் தவறாகப் பழுது காட்டும் என்று கொண்டால், தவறாக மிஞ்சுபவர் ஒருவர். இரண்டாம் படியை எல்லோருக்கும் போட்டால் 980இல் அரை சதவீதம், ஐந்து பேர் கூடுதலாக நுழைந்து நோய்ப் பரவலைக் கால் பங்கு ஊதிவிடுவார்கள். டெஸ்ட் செய்ய முடியாத நூற்றைம்பது பேருக்கு மட்டும் போட்டால் ஒருவர்கூடச் சேரமாட்டார். ஆகவே ஒரு கணக்கெடுப்பு அறிக்கையைப் படிக்கும்போது எத்தனை பேர் இரண்டாம் படி வழியாக வந்தார்கள் என்று பார்ப்பது நல்ல பழக்கம். அது பெரிய பங்கானால் ஃபீல்டு டெஸ்ட் சரியாக நடக்கவில்லை என்று பொருள்.

இனி ‘இயல்பான கண்கள்’ யார் என்பது. சிக்கலின் முடிச்சு இங்கேதான். மொத்த மக்கள்தொகையையும் அளந்து அதன் 97.5ஆவது நூற்றுமானத்தை எடுத்தால் போதாதா? போதாது. நாம் தேடும் வால்பகுதி 2.5 சதவீதம், நோயும் ஏறக்குறைய 2, 3 சதவீதம், நோயாளிகள் நிற்பதும் அதே வாலில்தான். அவர்களைச் சேர்த்து அளந்தால் கோடு மேலே நகர்ந்து, அவர்களையே இயல்பானவர்கள் ஆக்கிவிடும். சரி, நோயாளிகளை விலக்கிவிட்டு அளக்கலாம் என்றால், நோயாளி யார் என்று சொல்லத்தானே கோடு வேண்டும்? நரம்பைப் பார்த்து விலக்கினால் வட்டத்தில் மாட்டிக்கொள்வோம்: பெரிய கப் உள்ளவர்களை எடுத்துவிட்டு, மீதியை அளந்து, பெரிய கப் அபூர்வம் என்று அறிவிப்போம். இதிலிருந்து வெளியேறும் வழி, விலக்குவதற்கு வேறொரு அளவைப் பிடிப்பது. ஃபீல்டு டெஸ்ட் பழுதில்லாமல் வந்தவர்களை மட்டும் எடுத்து அவர்களின் கப்–டிஸ்க் விகிதத்தையும் அழுத்தத்தையும் அளக்கிறார்கள். நரம்பைப் பார்த்து ஆளைத் தேர்வதில்லை. வலது கண் மட்டும் கணக்கில் வரும்; ஒருவரின் இரு கண்களும் ஏறத்தாழ ஒரே செய்தியைச் சொல்வதால் இரண்டையும் சேர்த்தால் எண்ணிக்கை இரட்டித்ததாகத் தோன்றுமே தவிர, தகவல் அந்த அளவுக்குக் கூடாது. கண்புரை அறுவை செய்த கண்ணில் அழுத்தம் சற்றுக் குறைவதால் அதைச் சேர்க்கிறார்களா பிரிக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும்.

இந்த ஏற்பாடும் அப்பழுக்கற்றதில்லை. நரம்பு நார்களில் கணிசமான பங்கு, கால் பங்கோ அதற்கு மேலோ, அழிந்த பிறகே வழக்கமான ஃபீல்டு டெஸ்ட் பழுதைக் காட்டத் தொடங்கும். எனவே ஆரம்ப நிலை நோயாளிகள் சிலர் ‘இயல்பானவர்’ கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள். மறுபுறம், முற்றிய கண்புரை உள்ளவர்கள், பொத்தானை அழுத்தும் டெஸ்டுக்குப் பழகாத மூத்தவர்கள் எல்லாம் கழிந்துவிடுவதால் இயல்பானவர் கூட்டம் ஊரைவிட இளமையானதாகிவிடுகிறது. இரண்டு பிழைகளும் எதிரெதிர்த் திசையில் இழுக்கக்கூடும். எந்த ஊரில் எது எவ்வளவு இழுக்கும் என்பதற்குப் பொதுவிதி கிடையாது.

எண்ணிக்கையும் ஒரு தடை. இயல்பான கண்கள் 2,500 என்றால் 97.5க்கு மேல் நிற்பவர்கள் சுமார் 62 பேர், 99.5க்கு மேல் நிற்பவர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று பேர். அந்தப் பன்னிரண்டு பேரில் நான்கைந்து பேர் அன்று வராமல் போயிருந்தால் கோடே நகரும். ஆகவே 99.5ஆவது நூற்றுமானத்தை ஒரு முழு எண்ணாகக் கொடுத்துவிட்டு அதன் நம்பக இடைவெளியை (உண்மை எண் எதற்கும் எதற்கும் இடையே இருக்கலாம் என்ற வரம்பை) சொல்லாத அறிக்கையைச் சற்று ஐயத்தோடுதான் படிக்க வேண்டும். சராசரியையும் திட்ட விலக்கத்தையும் வைத்துச் சூத்திரத்தில் கோட்டைக் கண்டுபிடிக்கலாமே என்றால், கண் அழுத்தத்தின் பரவல் வலப்பக்கம் நீண்ட வால் கொண்டது. இயல்நிலைப் பரவலின் சூத்திரம் மேல்கோட்டைத் தாழ்வாகவே காட்டும். வாலை எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

அளக்கும் கையில் நிகழ்வது தனிக்கதை. கணக்கெடுப்பில் நம்பத்தக்கது ஸ்லிட் லாம்பில் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) பொருத்திய கோல்ட்மேன் அப்ளனேஷன் டோனோமீட்டர். மரப்புச் சொட்டு விட்டு, ஃப்ளூரசின் தாளைத் தொட்டு, 3.06 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தைத் தட்டையாக்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்பது. ஃப்ளூரசின் சாயம் அதிகமாகி, கருவியில் தெரியும் அதன் வளையம் தடித்தால் அழுத்தம் கூடுதலாகத் தெரியும், வறண்டு மெலிந்தால் குறைவாகத் தெரியும். நோயாளி மூச்சைப் பிடித்தாலோ, இமையை இறுக்கினாலோ, இமையைப் பிடிக்கும் விரல் கண்ணின் மேல் அழுந்தினாலோ எண் ஏறும். கருவியின் அளவுக்கோலை 0, 2, 6 ஆகிய மூன்று நிலைகளில் (அதாவது 0, 20, 60 மி.மீ.) தவறாமல் சரிபார்க்க வேண்டும். பெயர்ந்துபோன கருவி ஒன்று ஒரு கிராமம் முழுவதன் சராசரியையும் இரண்டு புள்ளி தூக்கிவிடும். பிறகு புள்ளியியல் எதனாலும் அதை இறக்க முடியாது. வரிசையும் முக்கியம்: ஃபீல்டு டெஸ்ட், அழுத்தம், பிறகு கோனியோஸ்கோபி (கண்ணில் லென்ஸ் வைத்துக் கோணத்தைப் பார்ப்பது), கடைசியில் கண்பாப்பாவை விரித்து நரம்பைப் பார்ப்பது. கோனியோ லென்ஸை வைத்து அழுத்திய பிறகு டோனோமீட்டரை எடுத்தால் கிடைப்பது அந்தக் கண்ணின் உண்மை அழுத்தமாக இருக்காது. காற்று ஊதி அளக்கும் கருவியில் எடுத்த எண்ணைக் கோல்ட்மேனில் போட்ட கோட்டோடு ஒப்பிடுவதும் தவறு. முகாம்களில் அன்றாடம் நடப்பது அதுதான்.

கோல்ட்மேன் சக்கரத்தில் கோடுகள் இரண்டிரண்டு மில்லிமீட்டருக்கு ஒன்று. அதனால் வாசிப்பவர் கை 14, 16, 18 என்று இரட்டைப்படையிலேயே விழும். தரவை வரைபடமாகப் போட்டால் சீப்பின் பற்கள்போல் நிற்பது தெரியும். அப்படியிருக்க 21க்கும் 22க்கும் இடையே நோய் பிறக்கிறது என்று நினைப்பதில் பொருளில்லை. இதைத் தவிர்க்க ஒருவர் கண்ணில் பார்த்துச் சக்கரத்தைத் திருப்ப, இன்னொருவர் எண்ணை வாசித்து எழுதுவார். மூன்று முறை எடுத்து நடு எண்ணைக் கொள்வார்கள். கப்–டிஸ்க் விகிதத்தில் இது இன்னும் மோசம். 0.6, 0.7 என்று பத்தில் ஒரு பங்காகத்தான் பெரும்பாலோர் எழுதுவதால் 97.5ஆவது நூற்றுமானம் எந்தப் படியிலாவது விழுந்துதான் ஆக வேண்டும். அந்தப் படியில் நிற்பவர்கள் 2.5 சதவீதத்தைவிட அதிகமாகவே இருப்பார்கள். தேர்ந்த இருவர் ஒரே நரம்பை 0.6 என்றும் 0.7 என்றும் சொல்வது சாதாரணம். கணக்கெடுப்பு தொடங்குமுன் எல்லோரையும் ஒரே படத் தொகுப்பைப் பார்க்கவைத்து ஒத்துப்போகிறார்களா என்று சோதிப்பது அதனால்தான்.

அதைவிடப் பெரிய ஓட்டை டிஸ்க்கின் அளவு. நரம்பு நார்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றாக இருக்க, அவை நுழையும் வாசல் பெரிதானால் நடுவில் வெற்றிடம் அதிகமாகும். செங்குத்து விட்டம் 2.2 மி.மீ.க்கு மேலான பெரிய டிஸ்க்கில் 0.7 முழு ஆரோக்கியமாக இருக்கலாம்; 1.5 மி.மீ.க்குக் குறைந்த சின்ன டிஸ்க்கில் 0.5 என்பதே கவலைக்குரியது. ஆஸ்திரேலியாவின் புளூ மவுண்டன்ஸ் ஆய்வு, டிஸ்க் அளவுக்கேற்ப நூற்றுமானங்களைத் தனித்தனியே கொடுக்க வேண்டும் என்று காட்டியது. ஐஎஸ்ஜிஇஓ கோடு இதைக் கணக்கில் கொள்ளவில்லை. என் பார்வையில் அந்த வகைப்பாட்டின் மிகப் பெரிய குறை இதுதான். அளப்பது கடினமுமில்லை: ஸ்லிட் லாம்பின் ஒளிக்கற்றையை டிஸ்க்கின் உயரத்துக்குக் குறுக்கி, அளவுகோலில் வாசித்து, 90 டயாப்டர் லென்ஸ் என்றால் சுமார் 1.3ஆலும், 78 என்றால் சுமார் 1.1ஆலும் பெருக்கினால் போதும். அரை நிமிட வேலை.

‘நம் ஊர் ஆட்களை அளந்துதானா’ என்ற கேள்விக்கு வருகிறேன். ஆம், அளந்திருக்கிறார்கள். சென்னை குளுக்கோமா ஆய்வு ஒரே குழுவால், ஒரே முறையில், திருவள்ளூர், காஞ்சிபுரம் பகுதிக் கிராமங்களிலும் சென்னை நகரத்திலும் நடந்தது. இயல்பானவர்களின் சராசரி அழுத்தம் கிராமத்தில் 14.29, நகரத்தில் 16.17. 97.5ஆவது நூற்றுமானம் கிராமத்தில் 21, நகரத்தில் 24. கப்–டிஸ்க் விகிதத்தில் இரண்டு இடத்திலும் 0.7, 99.5க்கு 0.8. திறந்த கோணக் குளுக்கோமா கிராமத்தில் 1.62 சதவீதம், நகரத்தில் 3.51 சதவீதம். ஆகவே உங்கள் 22, கோடு எந்த ஊரில் போட்டது என்பதைப் பொறுத்து, கிராமத்தில் வெளியே, நகரத்தில் உள்ளே! ஜெர்மனியின் 21உம் திருவள்ளூர்க் கிராமங்களின் 21உம் ஒத்துப்போனது தற்செயல். கருவியும் வேறு, சராசரியும் வேறு. நகர-கிராம வித்தியாசத்தில் ஒரு பகுதியைக் கருவிழியின் தடிமன் விளக்கக்கூடும். கோல்ட்மேன் கருவி கருவிழி அரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டிய தடிமன் என்று எடுத்துக்கொள்கிறது. தடித்த கருவிழியில் கூட்டியும் மெல்லியதில் குறைத்தும் காட்டும். தென்னிந்தியர்களின் சராசரி 510 மைக்ரானை ஒட்டியது, மேலைநாட்டு வெள்ளையரைவிட மெல்லியது. மீதி வித்தியாசத்துக்கு உணவு, உடல் எடை, சர்க்கரை என்று பல காரணங்கள் முன்வைக்கப்படுகின்றன, எதுவும் உறுதியில்லை. ‘இத்தனை மைக்ரானுக்கு இத்தனை புள்ளி கழி’ என்ற திருத்த அட்டவணைகளைத் தனிநபருக்குப் பயன்படுத்துவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒன்றுக்கொன்று ஒத்துவராதவை அவை.

நரம்பு நார் அடுக்கின் தடிமனை ஒளியால் அளக்கும் ஓசிடி ஸ்கேன் எடுத்தால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கருவியே சொல்லிவிடுமே என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். அதுவும் நூற்றுமானமே: கீழ் 5 சதவீதம் மஞ்சள், கீழ் 1 சதவீதம் சிவப்பு. அந்த ‘இயல்பு’ பல கருவிகளில் சில நூறு பேரிடமிருந்து வந்தது, அவர்களில் இந்தியர் மிகச் சொற்பம். நீண்ட கிட்டப்பார்வைக் கண்ணில் நரம்பு நார் அடுக்கு மெல்லியதாகத் தெரிந்து, நோயில்லாமலே சிவப்பு விழும். கிட்டப்பார்வைக் கண்ணாடி போடுபவர்களின் ஸ்கேனை நிறத்தை வைத்து மட்டும் படிக்கக் கூடாது.

உங்கள் சீட்டுக்கு இதன் பொருள்: 22 தனியாக எதையும் முடிவு செய்யவில்லை. 0.7 என்பது 97.5ஆவது நூற்றுமானக் கோட்டிலேயே நிற்பதால் முகாமில் உங்களை மேல்பரிசோதனைக்கு அனுப்பியது சரியான செயல். சீட்டில் ‘சந்தேகம்’ என்று எழுதியிருப்பதும் சரியான சொல். கண் மருத்துவமனைக்குப் போகும்போது கோல்ட்மேன் கருவியில் வேறு வேறு நேரங்களில் இருமுறையாவது அழுத்தம், கருவிழித் தடிமன், கோனியோஸ்கோபி, டிஸ்க்கின் விட்டத்தோடு சேர்த்துக் கப்–டிஸ்க் விகிதம், 24-2 என்ற வகை ஃபீல்டு டெஸ்ட் இவை நடக்கிறதா என்று பாருங்கள். முதல் முறை எடுக்கும் ஃபீல்டு டெஸ்ட் பழக்கமின்மையால் பலருக்கு மோசமாக வரும். பழுது காட்டினால் இரண்டாவது முறை எடுத்து, அதே இடத்தில் திரும்ப வருகிறதா என்று பார்த்த பிறகே நம்ப வேண்டும். இடது கண்ணின் விகிதத்தைக் கேள்வியில் நீங்கள் எழுதவில்லை. அது 0.7 என்றால் ஒரு பேச்சு, 0.4 என்றால் வேறு பேச்சு, 0.2 வித்தியாசமே பல கணக்கெடுப்புகளில் கோட்டைத் தொட்டுவிடும். பெற்றோர் அல்லது உடன்பிறந்தவர்களுக்குக் குளுக்கோமா இருந்தால் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் டிஸ்க்கின் புகைப்படம் ஒன்றை எடுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: அடுத்த ஆண்டு ஒப்பிட உங்கள் கண்ணின் பழைய படமே எந்த மக்கள்தொகையின் நூற்றுமானத்தைவிடவும் உதவும்.